கடல் தாண்டினாலும் பேச ஆள் கிடைக்கும்: முதல்முறை வெளிநாடு போகும் வடசென்னைக்காரர்களுக்கு

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கமிருந்து வேலைக்காகக் கடல் தாண்டியவர்கள் எப்போதும் உண்டு. இப்போது ஊர் சுற்றிப் பார்க்கவும் நிறையக் குடும்பங்கள் கிளம்புகின்றன. கிளம்பும் முன் எல்லோரும் கேட்பது டிக்கெட் எவ்வளவு, விசா வேண்டுமா, சோறு கிடைக்குமா, என்ன வாங்கிவரலாம் என்பதுதான். ஆனால் திரும்பி வந்த பிறகு அவர்கள் வாய் ஓயாமல் சொல்வது வேறு. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி ஆரஞ்சு உரித்துப் பாதியைக் கையில் திணித்தது, வழி கேட்டதும் கடைக்காரர் கடையை விட்டு இறங்கித் தெருமுனை வரை கூடவே வந்தது, டீக்கடையில் பார்த்தவர் மறுநாள் வீட்டுக்குக் கூப்பிட்டது. கோபுரமும் கண்ணாடிக் கட்டடமும் போட்டோவில் தங்கிவிடும், மனசில் நிற்பது இந்த ஆட்கள்தான்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அதிர்ஷ்டம் பாதிதான். எங்கே தங்குகிறோம், எந்த நேரத்தில் எங்கே உட்காருகிறோம், கையில் எவ்வளவு நேரம் மிச்சம் வைத்திருக்கிறோம் என்பது மீதிப் பாதி. அது நம் கையில் இருக்கிறது. தெரியாத ஆளிடம் சட்டென்று பேச்சுக் கொடுக்கும் பழக்கம் நம் தெருக்களில் ஏற்கெனவே உண்டு. அதைப் பெட்டியோடு சேர்த்துக் கொண்டுபோவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் நாடு

முதல் பயணத்துக்கு, தமிழ் காதில் விழும் நாடாகத் தேர்ந்தெடுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்குமே சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது, சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம் போல ஆகும். என்னைக் கேட்டால் முதலில் இலங்கை, அடுத்தது மலேசியாவின் பினாங்கு, அப்புறம்தான் சிங்கப்பூர். இலங்கையில் செலவு குறைவு, பேருந்திலும் ரயிலிலும் மக்களோடு மக்களாகப் போகலாம், பேசுவதற்கு எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிதான், டாலர் நோட்டில்கூட இருக்கிறது. ஆனால் ஜனங்கள் வேகமாக நடக்கிற ஊர் அது. அங்கே ஆட்களைப் பிடிக்க இடமும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் செல்லுபடி பாக்கி இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் கிடையாது. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விமான நிலையத்துக்குத் திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் ஒரே மெட்ரோ ரயிலில் மாறாமல் போகலாம். நள்ளிரவு, விடியற்கால விமானம் என்றால் மட்டும் ஆட்டோவோ காரோ சொல்லி வையுங்கள்.

காலி நேரம் இல்லாமல் ஒன்றும் நடக்காது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். 5 நாள், 4 இரவு என்று போடுகிற பேக்கேஜில் காலை 8 மணிக்குப் பஸ் ஏறினால் இரவு 9 மணிக்குத்தான் இறக்கிவிடுவார்கள். அதில் நீங்கள் பேசப்போவது உங்கள் கூட வந்த தி.நகர் குடும்பத்தோடும் வழிகாட்டியோடும் மட்டும்தான். பேக்கேஜில் போவது தப்பில்லை, முதல்முறை போகிறவர்களுக்கு அது தைரியம் கொடுக்கும். ஆனால் அதில் ஒரு முழு மதியத்தையும் ஒரு காலையையும் வெட்டிவிடுங்கள். “இன்னிக்கு நாங்க வரலை, சாயங்காலம் ஓட்டல்ல பார்க்கலாம்” என்று வழிகாட்டியிடம் சொன்னால் போதும். பணம் வீண் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அந்த ஒரு மதியத்தில் கிடைப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை அவர்களே பேக்கேஜ் வேண்டாம் என்பார்கள்.

தனியாகத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு வாரத்துக்கு இரண்டு ஊருக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு ஊரில் மூன்று இரவாவது தங்க வேண்டும். ஏன் என்றால், முதல் நாள் நீங்கள் கடைக்கு வந்த வாடிக்கையாளர். இரண்டாம் நாள் அதே நேரத்துக்கு அதே கடையில் போய் நின்றால் ‘நேத்து வந்தவங்கதானே’ என்று ஒரு பார்வை வரும். மூன்றாம் நாள் உங்களுக்கு என்ன டீ என்று கேட்காமலே வைப்பார்கள், எந்த ஊர் என்ற கேள்வியும் கூடவே வரும். நம் தெருமுனை டீக்கடையிலும் இப்படித்தானே நடக்கிறது? ஆகவே தங்குமிடத்துக்கு நடை தூரத்தில் ஒரு டீக்கடையை முதல் நாளே பார்த்து வையுங்கள். ஓட்டலில் இலவசக் காலைச் சாப்பாடு இருந்தாலும் டீயை மட்டும் வெளியே குடியுங்கள்.

தங்குமிடமும் அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும். பெரிய ஓட்டலின் பதினைந்தாம் மாடியில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வீட்டோடு சேர்ந்த விடுதிகள், குடும்பம் நடத்துகிற சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் இலங்கையிலும் பினாங்கிலும் நிறைய. வீட்டுக்கார அம்மாவிடம் “இங்க நீங்க மீன் எங்கே வாங்குவீங்க?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த மார்க்கெட்டுக்கு அவரே கூட்டிப் போனாலும் ஆச்சரியமில்லை.

பெட்டியில் என்ன வைப்பது

நான் யாருக்கும் முதலில் சொல்வது கேரம் ஸ்ட்ரைக்கர். எடை 15 கிராமுக்குள்தான், சட்டைப் பையில் கிடக்கும், கைப்பையில் கொண்டுபோகலாம். கேரம் நம் பக்கத்து விளையாட்டு. இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண். சர்வதேசக் கேரம் சம்மேளனமே 1988-ல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. இலங்கையிலும் கேரம் பெரிய விளையாட்டு, உலகச் சாம்பியன்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சந்து. சாயங்காலம், குண்டு பல்பு வெளிச்சத்தில் நாலு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரம் நின்று ஒரு போர்டு முடியும் வரை பேசாமல் பார்த்தேன். ஒருவர் நிமிர்ந்து “ஆடுவீங்களா அண்ணா?” என்றார். பையிலிருந்து ஸ்ட்ரைக்கரை எடுத்துப் போர்டின் ஓரத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றே போனது. ஸ்ட்ரைக்கர் கை மாறி மாறிப் போயிற்று. ஒருவர் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், ஒருவர் விரலால் விளிம்பைத் தடவினார், ஒரு பையன் எத்தனை ரூபாய் என்று கேட்டு மனசுக்குள் அவர்கள் காசுக்கு மாற்றிக் கணக்குப் போட்டான். ரெட்டுக்கு ஃபாலோ போடுவதில் ஆரம்பித்த பேச்சு, அவர்களில் ஒருவருடைய தாத்தா மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்துபோன கதையில் போய் நின்றது. எதிர்வீட்டு அம்மா இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ அனுப்பினார். அந்தச் சந்தின் பெயர் எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்காது.

அடுத்தது படங்கள். போனில் ஆயிரம் படம் இருக்கும், தேவைப்படும் நேரத்தில் ஒன்றும் கிடைக்காது. கிளம்பும் முன் பத்துப் பதினைந்து படங்களைத் தனியாக ஒரு ஆல்பத்தில் போட்டு வையுங்கள்: உங்கள் தெரு, வீட்டு வாசல் கோலம், காசிமேட்டில் விடியற்கால மீன் ஏலம், பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டி, வீட்டு ஆட்கள். செல்ஃபிகளைவிட இந்தப் படங்களுக்குத்தான் எங்கேயும் மரியாதை. மொழியே தெரியாத இடத்திலும் மீன் ஏலம் என்றால் மீன்காரருக்குப் புரியும்.

சின்ன அன்பளிப்பாக ஏதாவது வேண்டும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கிடைக்கும் பொட்டு அட்டை, பனை ஓலையில் செய்த சின்னப் பெட்டி, பேக்கிங் பிரிக்காத கடலை மிட்டாய் போதும். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பம்பரமும் சாட்டையும் கொண்டுபோனால் நிமிஷத்தில் கூட்டம் கூடும். ஆணி இருப்பதால் பம்பரத்தைப் பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். விலை உயர்ந்த எதையும் கொடுக்காதீர்கள், வாங்குகிறவருக்குச் சங்கடம்.

கசகசா பற்றி ஒரு எச்சரிக்கை. துபாய், சிங்கப்பூர் பக்கம் அதைக் கொண்டு போகவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. அம்மா கட்டிக் கொடுக்கும் குருமாப் பொடியில் கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் கருவாடு, ஊறுகாய் உட்பட எந்தச் சாப்பாட்டுப் பொருளையும் இறங்கும்போது படிவத்தில் எழுதிக் காட்டியாக வேண்டும்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது

சின்ன உதவி கேளுங்கள். உதவி செய்தவருக்கு உங்கள் மேல் ஒரு அக்கறை வந்துவிடும். “இந்த பஸ் அங்கே போகுமா?”, “இதை எப்படிச் சாப்பிடறது?”, “இந்த இடத்தில் யாராவது உட்காருறாங்களா?” இந்த அளவு போதும். போனில் வரைபடம் இருந்தாலும் ஆளைக் கேளுங்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடந்தால் யாரும் கிட்டே வரமாட்டார்கள்.

கூப்பிடும் முறையில் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் பக்கம் முதல் நிமிஷத்திலேயே “வா, போ, நைனா” என்று இறங்கிவிடுவது அன்பு. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அது மரியாதைக் குறைவாகப் படும். ‘நீங்கள்’ விட்டு இறங்கவே வேண்டாம், சின்னப் பையனிடம்கூட ‘தம்பி, வாங்க’ என்றால் கெட்டுப்போகாது. பெரியவர்களுக்கு ஐயா, அம்மா. நடுவயதுக்காரர்களுக்கு அண்ணா, அக்கா. மலேசியாவில் கடையில் ‘அண்ணே’ எல்லோருக்கும் பொருந்தும்.

எடுத்த எடுப்பில் சம்பளம், சாதி, கல்யாணமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். இலங்கையின் வடக்கு, கிழக்கில் போரைப் பற்றி நீங்களாகக் கிளறக் கூடாது. அவர்களே சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இழப்பு இருக்கிறது. நாம் படித்ததையும் பார்த்ததையும் வைத்துக் கருத்துச் சொல்ல வேண்டிய இடம் அது கிடையாது.

எங்கே உட்காரலாம்

கொழும்பில் செவ்வாய்க்கிழமை இருப்பது போல நாளை அமைத்துக்கொள்ளுங்கள். கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலுக்கு அன்றைக்குத்தான் கூட்டம். கிறிஸ்தவர் மட்டும் என்றில்லாமல் எல்லா மதத்தவரும் வருவார்கள். 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த கோயில் அது. அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. ராயபுரம், காசிமேட்டு மாதாகோயில்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்த மெழுகுவத்தி வாசனையும் தள்ளுமுள்ளும் பழகினதாகவே இருக்கும். பக்கத்திலேயே பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், முழுக்கக் கருங்கல். அங்கே வாசலில் பூ விற்கும் அம்மாக்களிடம் பேசினால் அந்தப் பகுதியின் கதை முழுசாகக் கிடைக்கும். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான நீர்கொழும்பில் மீன் சந்தை இருக்கிறது. மணலில் கருவாடு காயப்போட்டிருப்பார்கள். காசிமேட்டுப் படத்தைக் காட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது.

இலங்கையின் தேயிலை மலைப் பகுதியான மலையகத்துக்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை போகும் ரயிலில் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் ஏறுங்கள். ஏ.சி. பெட்டியில் கண்ணாடி மூடியிருக்கும், எல்லோரும் உங்களைப் போலவே சுற்றுலாக்காரர்கள். சாதாரணப் பெட்டியில் அட்டன், நானுஓயாப் பக்கத்து ஆட்கள் பொதி பொதியாக ஏறுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த வீடுகள் நிறைய. நீங்கள் சென்னை என்று சொன்னதும், ஊட்டியிலோ திருச்சியிலோ இருக்கும் சித்தப்பா மகனைப் பற்றிக் கேட்பார்கள். தெரியாது என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் அந்த ஊர் எங்கே இருக்கிறது, எப்படிப் போவது என்று சொல்லுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் அந்தப் பாதையில் ரயில் நிற்பதுண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் ஜார்ஜ் டவுன் சூலியா தெருவைச் சுற்றி நடங்கள். தமிழ் முஸ்லிம்கள் ஆரம்பித்த நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்) கடைகளில் மேசையைப் பங்குபோட்டுத்தான் உட்கார வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் எந்தக் குழம்பு ஊற்றச் சொல்வது என்று கேட்டால் வேலை முடிந்தது. அதே தெருவில் நாகூர் தர்கா உண்டு. பட்டர்வொர்த் போகும் படகில் ஒருமுறை சும்மா போய்த் திரும்புங்கள். நெரிசலான நேரத்தில் போகாதீர்கள், வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேச மனசிருக்காது.

சிங்கப்பூரில் தேக்கா சென்டர் சாப்பாட்டுக் கடைகளில் காலை நேரம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடித்து வைக்கப்பட்டது என்று அர்த்தம், வேறு இடம் பாருங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் கட்டுமான வேலைக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் கூடுவார்கள். அவர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு அது. பேசினால் சந்தோஷப்படுவார்கள். போட்டோ எடுப்பது மட்டும் கேட்காமல் கூடாது.

இன்னொரு இடம் பெனின்சுலா பிளாசா. சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய வணிக வளாகம், உள்ளே வரிசையாக பர்மியர்களின் கடைகள். 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் வியாசர்பாடியிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறின. அத்தோவும் மொய்ங்கா என்ற நூடுல்ஸ் சூப்பும் அப்படித்தான் நம் சாப்பாடாயின. இதை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. மேசை நாலு, அடுப்படி ஒன்று, அவ்வளவுதான் கடை. மொய்ங்கா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பரிமாறிய அக்காவிடம் பீச் பக்கத்து அத்தோ வண்டிப் படத்தைக் காட்டினேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். செக்கச்செவேலென்ற நூடுல்ஸைக் காட்டி இது ஏன் இந்த நிறம் என்று சைகையில் கேட்டார். படத்தில் வண்டிப் பலகையில் எழுதியிருக்கும் ‘பர்மா’வை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். உடனே உள்ளே திரும்பி ஏதோ சத்தமாகச் சொன்னார், அடுப்படியிலிருந்து இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். கேட்காமலே தேயிலை ஊறுகாயும் வறுத்த கடலையும் கலந்த ஒரு தட்டு வந்தது. அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் எம்.சி. ரோட்டுப் பொட்டு அட்டையோடு போனேன். நம் தெருவைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரு விஷயம் எந்த ஊரில் யாருக்கு உறவாகும் என்று சொல்ல முடியாது. அதனால் கிளம்பும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து யார் எங்கிருந்து வந்தார்கள், எந்தக் கப்பலில் போனார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

துபாயில் பர் துபாய்க்கும் தேராவுக்கும் நடுவில் ஓடும் மரப்படகு ‘அப்ரா’. கட்டணம் 1 திர்ஹம். தண்ணீரைப் பார்த்தபடி தோளோடு தோள் ஒட்டி உட்காருவதால் பேச்சு தானாக வரும்.

பொது மொழியே இல்லாத இடம்

தாய்லாந்து, வியட்நாம் என்று போனால் தமிழ் கேட்காது, ஆங்கிலமும் பல இடத்தில் எடுபடாது. மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த மொழியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள். ஆனால் அதையே நம்பி உட்காராதீர்கள், போனைப் பார்த்துப் பார்த்துப் பேசினால் முகம் பார்க்க முடியாது. வணக்கம், நன்றி, ருசியாக இருக்கிறது, மன்னிக்கவும் – இந்த நாலையும் வாயால் சொல்லப் பழகுங்கள்.

ஹோசிமின் நகரத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழ் வியாபாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. இன்றைக்குக் கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். அம்மன் சன்னதிக் கல்சுவரில் கையும் நெற்றியும் வைத்து நின்று வேண்டிக்கொள்வார்கள். நீங்களும் கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் கொஞ்சம் உட்காருங்கள். பாங்காக் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலிலும் இதே கதைதான், தாய்லாந்துக்காரர்கள் சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பார்கள். நாம் விபூதி பூசும் விதத்தைப் பார்த்துத் தங்களுக்கும் பூசிவிடச் சொல்லிக் கை காட்டுகிறவர்கள் உண்டு. கோயிலே இல்லாத ஊரில் குருத்வாரா இருந்தால் போங்கள். யார் வந்தாலும் சாப்பாடு போடுவார்கள். சாப்பிட்டதும் எழுந்துவிடாமல் பாத்திரம் கழுவும் இடத்தில் கை கொடுங்கள். பக்கத்தில் நின்று கழுவுகிறவர் அரைமணியில் சிநேகிதராகிவிடுவார்.

எப்போது விலகுவது

எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பு கிடையாது. நான் பார்க்கும் முதல் விஷயம், யார் யாரைத் தேடி வந்தார்கள் என்பது. நீங்களாகப் போய்ப் பேசிய டீக்கடைக்காரர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். சுற்றுலா இடத்து வாசலில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறவரிடம் கவனமாக இருங்கள். பாங்காக் அரண்மனை வாசலில் “இன்று மூடியிருக்கிறது” என்று ஒருவர் சொல்வார், மலிவாக ஒரு துக்துக் வந்து நிற்கும், அது கடைசியில் ரத்தினக்கல் கடையில் இறக்கிவிடும். சீனாவில் பெய்ஜிங், ஷாங்காய் பக்கம் ஆங்கிலம் பழக வேண்டும் என்று வரும் இளைஞர்கள் டீ குடிக்கக் கூப்பிடுவார்கள், பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். அவசரப்படுத்துகிறாரா, வேறு இடத்துக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறாரா, பேச்சு பணத்துக்குத் திரும்புகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு பழகியவராக இருந்தாலும் யாருடைய பொட்டலத்தையும் விமான நிலையத்தில் வாங்காதீர்கள். ‘ஊர்ல தம்பி வந்து வாங்கிப்பான்’ என்று கண்ணீரோடு கேட்டாலும் முடியாது என்றே சொல்லுங்கள். 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் சிங்கப்பூர்ச் சட்டத்தில் மரண தண்டனை. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிப்பது லேசான காரியமில்லை.

பெண்கள் தனியாகவோ தோழிகளோடோ போனால், பேச ஆரம்பிப்பதற்குப் பெண்கள் நடத்தும் கடை, குடும்பம் உட்கார்ந்த மேசை, ரயிலில் பாட்டிகள் பக்கத்து இருக்கை ஆகியவை நல்ல இடங்கள். தங்கும் ஓட்டல் பெயரைச் சொல்லாதீர்கள், ‘அந்தப் பக்கம்’ என்று பொதுவாகச் சொன்னால் போதும். வீட்டுக்குக் கூப்பிட்டால் பகல் நேரத்தில் போங்கள், இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் வீட்டு ஆள் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். பிடிக்கவில்லை என்றால் பாதிப் பேச்சில் எழுந்து வருவதில் தப்பே இல்லை. அவசரத்துக்கு: சிங்கப்பூர், மலேசியா, துபாயில் 999, இலங்கையில் 119, தாய்லாந்தில் சுற்றுலாப் போலீசுக்கு 1155.

திரும்பி வந்த பிறகு

நம்பர் வாங்கும்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். தாய்லாந்தில் லைன், வியட்நாமில் ஸாலோ, கொரியாவில் ககாவோ டாக், சீனாவில் வீசாட். எடுத்த படத்தை அன்றைக்கு ராத்திரியே அனுப்பிவிடுங்கள். ‘அனுப்பறேன்’ என்று சொல்லிவிட்டு அனுப்பாத படங்களுக்குக் கணக்கே இல்லை, அங்கே ஒருவர் அதை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். போன் இல்லாத பெரியவர் என்றால் அந்த ஊர் ஸ்டுடியோவிலேயே பிரிண்ட் போட்டு மறுநாள் கையில் கொடுங்கள். அப்புறம் பொங்கலுக்கு ஒரு செய்தி, அவர்கள் பண்டிகைக்கு ஒரு செய்தி போட்டு வந்தால் தொடர்பு அறுந்துபோகாது.

அவர்களில் யாராவது சென்னைக்கு வருகிறேன் என்று சொன்னால், மெரினாவோடு அனுப்பிவிடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் நேராக நம் பக்கம் வரச் சொல்லுங்கள். ராத்திரி தங்கினால் விடியும் முன் காசிமேட்டுக்குக் கூட்டிப் போகலாம். செருப்பு நனையும், ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். காலைச் சாப்பாடு முடித்துத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில். கோயில் மதியம் நடை சாத்திவிடும், 11 மணிக்குள் போய்விட வேண்டும். ராயபுரம் பக்கம் போகும்போது 1856-ல் திறந்த ரயில் நிலையத்தை ஒரு பார்வை பார்க்கலாம். வெயிலில் அலைக்கழிக்காமல் மதியம் வீட்டிலேயே மீன்குழம்பு, தூக்கம். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிடக் கிளம்புங்கள். வண்டிக்காரரிடம் முதல் தட்டுக்கு மட்டும் காரம் குறைத்துப் போடச் சொல்லுங்கள், வாழைத்தண்டு சூப்பைச் சூடாகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.